ஜோயி லண்டையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மலிவான பரபரப்புப் படங்களில் போதைக்கு அடிமையான பெண் என்றாலே கலைந்த தலை, அலறல், கடைசியில் சாவு. கேமரா அவள் உடம்பை விட்டு நகராது. 1981இல் வெளிவந்த ஏபல் ஃபெராராவின் 'மிஸ் 45' படத்தில், பாலியல் வன்முறைக்கு ஆளாகித் துப்பாக்கி ஏந்தும் வாய்பேச முடியாத பெண்ணாக நடித்தவர் ஜோயி லண்ட். படப்பிடிப்பின்போது பதின்வயதுதான். அப்புறம் 1992இல் 'பேட் லெஃப்டினன்ட்' திரைக்கதையை அதே இயக்குநரோடு சேர்ந்து எழுதினார். ஹெராயின் ஏற்றும் காட்சியில் அவரே வருகிறார். கூச்சலும் இல்லை, உபதேசமும் இல்லை. அந்த வலியை உள்ளிருந்து அறிந்தவரின் எழுத்து அது. 1999இல் பாரிஸில், 37 வயதில் இறந்துபோனார். இந்தப் படங்களைப் பற்றிய கட்டுரைகளில் இயக்குநர் பெயரே பெரிதாக வருகிறது. ஜோயி லண்டின் பங்கையும் சேர்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி