காமிக்ஸ் அலமாரியும் டாக்டர் வெர்தாமும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற மாதம் நம் பள்ளி நூலகத்தில் காமிக்ஸுக்கென்று ஓர் அலமாரி ஒதுக்கினோம். நம் பழைய மாணவர் ஒருவர் சிறு வயதிலிருந்து சேர்த்து வைத்திருந்த தமிழ் காமிக்ஸ் இதழ்களைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து தந்தார். பெரும்பாலும் சிவகாசியில் அச்சானவை, சாணித்தாள். நூலகப் பாடவேளை முடிந்து மணி அடித்த பிறகும் பிள்ளைகள் எழுந்திருக்க மனமில்லாமல் அந்த மூலையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

அலமாரி வந்த மறுவாரமே உங்களிடமிருந்து கடிதங்களும் வந்தன. ஒரு தந்தை, தமக்கு வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை அச்செடுத்து இணைத்திருந்தார். காமிக்ஸ் பிள்ளைகளைக் குற்றவாளி ஆக்கும் என்று அமெரிக்க மனநல மருத்துவர் ஒருவர் 1954லேயே நிரூபித்துவிட்டார் என்றது அந்தச் செய்தி. இரண்டு நாள் கழித்து ஒரு தாய் எழுதினார். பிள்ளைகள் சொன்னதை மாற்றி எழுதிய பொய்யர் அந்த மருத்துவர், அவர் பேச்சைக் கேட்டு அலமாரியை மூடிவிடாதீர்கள் என்று. இருவரும் சொல்வது ஒரே மனிதரைத்தான். அவர் பெயர் டாக்டர் ஃபிரெடரிக் வெர்தாம்.

இரண்டு வரியில் பதில் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அவரைப் பற்றிப் படிக்கப் படிக்க, அப்படி முடித்துவிட மனம் வரவில்லை. கடிதம் கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

வெர்தாம் 1895இல் ஜெர்மனியில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். மருத்துவம் படித்துவிட்டு 1922இல் அமெரிக்கா போனார். பிறகு நியூயார்க்கில், நீதிமன்றத்துக்காகக் குற்றவாளிகளின் மனநிலையை ஆராய்ந்து சொல்லும் பணியில் இருந்தார். கொலை செய்தவரிடமும் உட்கார்ந்து பேசி, இவர் எப்படி இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார் என்று கேட்டவர். வன்முறையை முன்கூட்டியே தடுக்க முடியும், அது சமூகத்தின் பொறுப்பு என்று கடைசிவரை நம்பினார்.

அன்று நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வாழ்ந்த கறுப்பின மக்களுக்கு மனநல சிகிச்சை ஏறக்குறைய எட்டாக்கனி. வெர்தாம் 1946இல் அங்கே செயின்ட் பிலிப்ஸ் தேவாலயக் கட்டடத்தின் நிலவறையில் ஒரு மருத்துவமனை திறந்தார். லஃபார்க் கிளினிக் என்று பெயர். ரிச்சர்ட் ரைட், ரால்ஃப் எலிசன் என்ற இரண்டு பெரிய எழுத்தாளர்கள் துணை நின்றார்கள். மருத்துவர்கள் சம்பளம் வாங்காமல், வாரத்தில் இரண்டு மாலை வந்து பார்த்தார்கள். கட்டணம் 25 சென்ட். ஒரு காமிக்ஸ் அப்போது 10 சென்ட். இரண்டரை காமிக்ஸ் விலையில் ஒரு பிள்ளையின் மனக்குறையைக் கேட்க அங்கே ஆள் இருந்தது. பத்தாண்டுக்கு மேல் அந்த நிலவறை விளக்கு எரிந்தது. நம் ஊரில் இன்றைக்கும் பிள்ளைகளுக்கு அப்படி ஓரிடம் இல்லை என்பதை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

அடுத்துச் சொல்லப்போவது ஓர் ஆசிரியனாக என்னை மிகவும் தொட்டது. டெலவேர் மாநிலத்தில் அப்போது வெள்ளைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, கறுப்பினப் பிள்ளைகளுக்கு வேறு பள்ளி. வீட்டுக்குப் பக்கத்திலேயே நல்ல பள்ளி இருக்கும். கறுப்பினப் பிள்ளை அதைத் தாண்டி வெகுதூரம் போக வேண்டும். பெற்றோர் சிலர் வழக்குப் போட்டார்கள். அவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர்கள், பிள்ளைகளின் மனநிலையை ஆராய்ந்து சொல்லுமாறு வெர்தாமைக் கேட்டார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகள், கறுப்பர் வெள்ளையர் இரு தரப்பும், ஹார்லெம் நிலவறைக்கு வந்து அவரோடு பேசினார்கள். பிரித்து வைப்பதைப் பிள்ளைகள் தண்டனையாகவே புரிந்துகொள்கிறார்கள் என்று அவர் நீதிமன்றத்தில் சொன்னார். என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமலே அனுபவிக்கும் தண்டனை அது. 1952இல் நீதிபதி காலின்ஸ் சைட்ஸ், கறுப்பினப் பிள்ளைகளை உடனே அந்தப் பள்ளிகளில் சேர்க்கச் சொல்லித் தீர்ப்பு எழுதினார். பள்ளிப் பிரிவினையை ஒழித்த 1954ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் சேர்ந்த ஐந்து வழக்குகளில் இதுவும் ஒன்று.

வாட்ஸ்அப் செய்தியில் இது எதுவும் இல்லை. அவரைப் பொய்யர் என்பவர்களிலும் பலர் இதைச் சொல்வதில்லை.

சரி, காமிக்ஸுக்கு வருகிறேன். கிளினிக்குக்கு வந்த பிள்ளைகள் கையில் எல்லாம் காமிக்ஸ் இருப்பதை வெர்தாம் பார்த்தார். எடுத்துப் புரட்டினார். அவர் பார்த்தவை நம் அலமாரியில் இருப்பவை போன்றவை என்று நினைத்துவிடாதீர்கள். வெட்டிய தலை, கண்ணில் குத்த வரும் ஊசி, கட்டிப்போட்ட பெண்கள், பக்கத்துக்குப் பக்கம் ரத்தம். அதையெல்லாம் எட்டு வயதுப் பிள்ளையும் காசு கொடுத்தால் வாங்கலாம். 1948 முதல் இதை எதிர்த்து எழுதினார், பேசினார். 1954 ஏப்ரலில் ‘செடக்‌ஷன் ஆஃப் தி இன்னசன்ட்’ என்ற புத்தகம் வந்தது. கள்ளமறியாப் பிள்ளைகளைக் கெடுப்பது என்ற பொருளில் வைத்த தலைப்பு. அதே ஏப்ரலில் அமெரிக்க செனட் குழு நியூயார்க்கில் விசாரணை நடத்தியது. காமிக்ஸ் தொழிலோடு பார்த்தால் ஹிட்லர் கற்றுக்குட்டி என்று அந்தக் குழுவின் முன் வெர்தாம் சொன்னார். ஹிட்லர் செய்தது என்னவென்று நன்றாக அறிந்தவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்திருக்கக் கூடாது. அதே நாளில் பதிப்பாளர் வில்லியம் கெய்ன்ஸும் சாட்சி சொன்னார். வெட்டிய பெண் தலையைக் கையில் பிடித்திருக்கும் ஓர் அட்டைப்படத்தைக் காட்டி, இது நல்ல ரசனையா என்று கேட்டார்கள். திகில் காமிக்ஸுக்கு இது நல்ல ரசனைதான் என்றார். அவரது திகில் காமிக்ஸ் இதழ்கள் அதன் பிறகு அதிக நாள் நீடிக்கவில்லை.

அரசு எதுவும் செய்யும் முன்பே, பயந்துபோன பதிப்பாளர்கள் அந்த அக்டோபரில் தங்களுக்குத் தாங்களே ஒரு கட்டுப்பாட்டு விதி எழுதிக்கொண்டார்கள். திகில் என்ற சொல்லைத் தலைப்பில் போடக் கூடாது, நடமாடும் பிணங்களும் ரத்தக்காட்டேரிகளும் கூடாது, போலீஸை மரியாதைக் குறைவாகக் காட்டக் கூடாது. பல நிறுவனங்கள் மூடின. ஓவியர்கள் பிழைப்பை இழந்தார்கள். ஏறக்குறைய அறுபது ஆண்டு ஓடி, 2011இல்தான், அந்த விதிப்படி வந்த இதழ்களின் அட்டையில் போட்ட முத்திரை முழுதாக மறைந்தது.

இந்த விதி வெர்தாம் கேட்டது இல்லை. 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் குற்றக் காமிக்ஸ் விற்கக் கூடாது என்று ஒரு சட்டம் போதும் என்றார். பெரியவர்கள் எதையும் படிக்கட்டும் என்பதே அவர் நிலை. கேட்டது கிடைக்கவில்லை, கேட்காதது கிடைத்தது, பழி மட்டும் அவர்மேல் நின்றது. அந்த ஆண்டுகளில் பல நாடுகளில் இதே பயம் இருந்தது. பிரிட்டன் 1955இல் ஒரு சட்டம் போட்டது. நம் நாட்டிலும் இளையோருக்குத் தீங்கான வெளியீடுகள் பற்றி 1956இல் சட்டம் வந்தது.

இனி, அந்தத் தாய் எழுதியது. அதுவும் உண்மை. வெர்தாம் 1981இல் இறந்தார். அவரது தாள்கள் எல்லாம் அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தில் பூட்டியிருந்தன. 2010இல் திறந்தார்கள். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் நூலகவியல் கற்பிக்கும் கேரல் டில்லி, மருத்துவக் குறிப்புகளையும் அச்சான புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். 2012இல் தாம் கண்டதை வெளியிட்டார். புத்தகத்தில் டாரதி என்ற 13 வயதுச் சிறுமி வருகிறாள். பள்ளிக்கு மட்டம் போடுகிறவள். காட்டு ராணி ஷீனாவின் காமிக்ஸ்மேல் மோகம் கொண்டவள் என்று புத்தகம் சொல்கிறது. அவள் வீட்டை விட்டு ஓடியவள், ஒரு கும்பலில் சேர்ந்திருந்தவள் என்பது குறிப்புகளில் இருக்கிறது, புத்தகத்தில் இல்லை. பேட்மேனும் ராபினும் சேர்ந்து வாழ்வதைப் பார்த்து ஓர் இளைஞன் தன்னை ராபினாக நினைத்துக்கொண்டான் என்று புத்தகம் சொல்கிறது. குறிப்புகளில் இருப்பவர்கள் இரண்டு பேர், ஒருவரையொருவர் நேசித்தவர்கள். அவர்கள் மனதுக்கு நெருக்கமாகச் சொன்னது வேறு கதாபாத்திரங்களை. அந்த நேசத்தையே நோயாகப் பார்த்த காலம் அது. வெர்தாமும் அதற்கு விலக்கில்லை. இன்னும் சில இடங்களில் சக மருத்துவரிடம் வந்த பிள்ளையின் கதையைத் தம்மிடம் வந்ததாக எழுதியிருக்கிறார்.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. டெலவேர் பிள்ளைகள் சொன்னதைச் சொன்னபடி நீதிமன்றத்தில் வைத்து அவர்களுக்குப் பள்ளிக் கதவைத் திறந்தவரும் இவர்தான். டாரதி சொன்னதில் பாதியை மறைத்தவரும் இவர்தான். இரண்டும் அநேகமாக ஒரே நிலவறையில், ஒரே ஆண்டுகளில் நடந்திருக்கின்றன. அவர் பணத்துக்காகச் செய்யவில்லை. பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டும் என்ற அவசரத்தில் செய்தார். அந்த அவசரம் எனக்குத் தெரியும். அதனால் என் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

இருபது ஆண்டுக்கு முன், வேறொரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சில் ஒரு பையன் பாடப்புத்தகத்துக்குள் காமிக்ஸ் வைத்துப் படித்தான். பிடுங்கிக்கொண்டு, ஏன்டா பாடத்தைக் கவனிக்கவில்லை என்று கேட்டேன். “போர்டு தெரியல சார்” என்றான். சாக்கு சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். அப்புறம் அவன் அப்பாவை வரவழைத்து, காமிக்ஸ் பைத்தியம் பிடித்து மதிப்பெண் குறைந்துவிட்டது என்று சொன்னேன். போர்டு தெரியவில்லை என்று அவன் சொன்னதை நான் சொல்லவே இல்லை. அவர் வீட்டுக்குப் போய் அவன் வைத்திருந்ததையெல்லாம் எரித்துவிட்டார். அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு பள்ளிக்குக் கண் பரிசோதனை முகாம் வந்தபோதுதான், அவனுக்குக் கிட்டப்பார்வை என்று தெரிந்தது. கையில் இருந்த புத்தகம் தெளிவாகத் தெரிந்தது, கரும்பலகை தெரியவில்லை. அவ்வளவுதான். அந்தப் பையனிடம் நான் மன்னிப்புக் கேட்டேன், அவன் சிரித்தான். எரிந்தது எரிந்ததுதான்.

ஆகவே, “போன்தான் காரணம்”, “காமிக்ஸ்தான் காரணம்” என்று நீங்கள் என்னிடம் சொல்லும்போது நான் உடனே தலையாட்டாமல் இருந்தால் வருத்தப்படாதீர்கள். இருக்கலாம். வேறு ஏதாவதும் இருக்கலாம்.

அலமாரி இருக்கும். ஆனால் வெர்தாமிடம் எடுத்துக்கொள்ளவும் எனக்குச் சில இருக்கின்றன. வயது பார்த்துக் கொடுங்கள் என்று அவர் சொன்னது நியாயம். நம் நூலகரும் நானும் இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து எல்லா இதழ்களையும் புரட்டினோம். சித்திரவதையும் கொலையும் விரிவாக வரைந்திருக்கும் சில இதழ்களை மேல்தட்டுக்கு மாற்றிவிட்டோம்; ஒன்பதாம் வகுப்புக்கு மேல்தான் அவற்றைக் கொடுப்போம். காட்டுக் கதைகளில் கறுப்பின மக்களை அறிவில்லாதவர்களாகக் காட்டுவது பிள்ளைகள் மனதில் வெறுப்பை விதைக்கும் என்று அவர் 1954லேயே எழுதினார். அப்போது அதைக் கேட்டவர் குறைவு. வெளிநாட்டுக் கதைகளைத் தமிழாக்கிய நம் பழைய இதழ்கள் சிலவற்றிலும் அந்தப் படங்கள் இருக்கின்றன. அவற்றை ஒளித்து வைக்கவில்லை. சமூக அறிவியல் ஆசிரியர் அவற்றை வகுப்புக்கு எடுத்துப்போய், இந்த மனிதர்களை ஏன் இப்படி வரைந்தார்கள் என்று பிள்ளைகளோடு பேசப்போகிறார். பின்னட்டை விளம்பரங்கள் பிள்ளைகளுக்குத் தங்கள் உடம்பைப் பற்றியே வெட்கத்தை உண்டாக்குகின்றன என்று அவர் சொன்னதும் சரிதான். இன்று அந்த வேலையைச் செய்வது செல்போன்.

வயதான பிறகு, 1973இல், ரசிகர்களே எழுதி அச்சடித்துத் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் சிறு பத்திரிகைகளைப் பற்றி வெர்தாம் ஒரு புத்தகம் எழுதினார். அவற்றில் காமிக்ஸ் ரசிகர்களின் பத்திரிகைகளும் உண்டு. அந்த இளைஞர்களின் எழுத்தைப் பாராட்டியே எழுதியிருக்கிறார். அவரை மன்னிக்க அந்த ரசிகர்களில் பலருக்கு மனம் வரவில்லை. அவர்கள் கோபத்தையும் நான் புரிந்துகொள்கிறேன்.

இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டம். அலமாரி பற்றி அங்கே பேசுவோம், எதிர்ப்பு இருப்பவர்களும் கட்டாயம் வாருங்கள். வருமுன் ஒரு வேலை செய்ய வேண்டும். உங்கள் பிள்ளை இப்போது படிக்கும் அல்லது பார்க்கும் ஏதாவது ஒன்றைப் பற்றி, அதில் உனக்கு என்ன பிடித்திருக்கிறது என்று கேளுங்கள். குறுக்கே பேசாமல் கேளுங்கள். சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். பிள்ளையின் பெயர் வேண்டாம். எழுதப் பழக்கமில்லாதவர்கள் வாயால் சொன்னால் போதும், நம் ஆசிரியர் ஒருவர் எழுதிக்கொள்வார்.

நூலகம் பள்ளி நாட்களில் மாலை 4.30 வரை திறந்திருக்கும். பிள்ளையை அழைத்துப்போக வரும்போது நீங்களும் உள்ளே வந்து ஓர் இதழை எடுத்துப் பாருங்கள். செருப்பை மட்டும் வாசலில் விட்டுவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்