வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: காப்பித்தூள், விலை, மற்ற சில விஷயங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வேப்பமூட்டுப் பக்கத்துச் சந்தில் நம் கடை எங்கே இருக்கிறது, எந்த மேசை ஆடும், எந்த பிளக்கில் சார்ஜர் நிற்காமல் விழும் என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

கொஞ்ச நாளாக வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் சுற்றுகிறது. நாகர்கோவிலில் உட்கார்ந்து வரையவும் எழுதவும் எடிட்டிங் செய்யவும் ஏற்ற காப்பிக் கடைகள் எவை என்று யாரோ அக்கறையாகத் தொகுத்திருக்கிறார்கள். நல்ல காரியம்தான். அதில் நம் கடையும் இருக்கிறது, கடைசியில். பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு: "முன்னே கொள்ளாம். இப்போ சிக்கரித் தண்ணி. விலையும் கூட்டியாச்சு. லேப்டாப்பைத் திறந்தால் முறைப்பு." எழுதியவர் யார் என்று எனக்குத் தெரியாது, துப்புத் துலக்கவும் போவதில்லை. ஆனால் அதை எனக்கே அனுப்பி, "அக்கா, இது நிஜமா?" என்று கேட்கிறவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதிக் கை வலிக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

முதலில் விலை. அது உண்மை. பில்டர் காப்பி 25 ரூபாயிலிருந்து 30 ஆகிவிட்டது. நானாக ஆசைப்பட்டுக் கூட்டவில்லை. உலகத்தில் விளையும் காப்பியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பிரேசிலில் விளைகிறது. 2024-இல் அங்கே மழை பொய்த்தது. அந்த டிசம்பரில் நியூயார்க் சந்தையில் அராபிகா ரகக் காப்பியின் விலை 1977-இல் இருந்த உச்சத்தையும் தாண்டியது. 2025 பிப்ரவரியில் ஒரு பவுண்டு 4 டாலருக்கு மேல் போனது. பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. "நமக்குக் குடகிலிருந்தும் சிக்மகளூரிலிருந்தும்தானே கொட்டை வருது, பிரேசிலில் மழை பெய்தால் என்ன, பெய்யாவிட்டால் என்ன?" என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. நம் நாட்டில் விளைவதில் பெரும்பகுதி ஏற்றுமதிக்குப் போகிறது. வெளிநாட்டுக்காரன் கொடுக்கிற விலையைப் பார்த்துத்தான் தோட்டக்காரர் நமக்கும் விலை சொல்வார். அவரைக் குறை சொல்ல முடியுமா? பல வருடம் அடிமாட்டு விலைக்கு விற்றவர்தானே. இதோடு பால் இருக்கிறது, சர்க்கரை இருக்கிறது. கடைக்கு வாங்கும் 19 கிலோ சிலிண்டர் விலை மாதம் பிறந்தால் மாறும். வீட்டு சிலிண்டர் மட்டும் வாங்குகிறவர்களுக்கு அந்தப் படபடப்பு புரியாது. கட்டட வாடகையும் ஏறியிருக்கிறது, அதைச் சமாளிக்க மேல்மாடி அறையை அடுத்த மாதம் முதல் ஒரு டியூஷன் வகுப்புக்கு விட்டிருக்கிறோம். கீழே எல்லாம் பழையபடிதான். சரி, இனி சிக்கரி.

இது மனசைச் சுட்ட விஷயம், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் மாவட்டம் அடிப்படையில் சாயா குடிக்கிற மாவட்டம். மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் போனால் முக்குக்கு முக்கு சாயாக்கடைதான். வீட்டில் காப்பி என்றால் கருப்பட்டிக் காப்பி, தடுமல் பிடித்தால் சுக்குக் காப்பி. இந்த ஊரில் பில்டர் காப்பிக்கென்று ஒரு கடை போடப் போகிறேன் என்றபோது சொந்தக்காரர்கள் எல்லாரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். அப்படித் தொடங்கிய கடை இது. பீபெரி பாதி, பிளாண்டேஷன் ஏ என்கிற பெரிய கொட்டை அராபிகா பாதி. அன்றைக்கும் அதுதான், இன்றைக்கும் அதுதான். பீபெரி என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: காப்பிப் பழத்துக்குள் வழக்கமாக இரண்டு கொட்டை இருக்கும், ஒன்றோடொன்று ஒட்டி வளர்வதால் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். சில பழத்தில் ஒன்றுதான் தேறும். அது உருண்டையாக இருக்கும், வறுக்கும்போது எல்லாப் பக்கமும் ஒரே சீராகச் சிவக்கும். இப்படிப் பொறுக்கி எடுத்த கொட்டைக்குக் காசு கொடுத்து வாங்கி, அதில் சிக்கரியைக் கொட்ட எனக்கென்ன கிறுக்கா?

சிக்கரியை நான் பழிக்கவில்லை. அது ஒரு செடியின் கிழங்கு மாதிரியான வேர். குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் பயிர் செய்கிறார்கள். வறுத்துப் பொடித்தால் நல்ல கறுப்பும் கெட்டியும் கிடைக்கும். பலருக்கு அந்த ருசிதான் காப்பி. சட்டமும் அதைத் தடுக்கவில்லை. கலவைத் தூளில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எது எவ்வளவு என்று பாக்கெட்டின் மேல் எழுத வேண்டும், அவ்வளவுதான். வீட்டில் இருக்கும் பாக்கெட்டை ஒருமுறை திருப்பிப் பாருங்கள், பொடி எழுத்தில் இருக்கும். பெரும்பாலானவர்கள் இத்தனை நாள் என்ன குடித்தோம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொள்வார்கள். ஆனால் கலக்காத கடையைக் கலந்தது என்று சொன்னால் எப்படிப் பொறுப்பது?

நிரூபிக்க லேப் வேண்டாம். ஒரு கண்ணாடித் தம்ளரில் பச்சைத்தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். தூளை ஒரு சிட்டிகை மேலே தூவுங்கள், கலக்காதீர்கள். காப்பித்தூளில் எண்ணெய்ப் பசை உண்டு, அது மேலேயே மிதக்கும். சிக்கரி இருந்தால் சில விநாடியிலேயே கீழே இறங்கத் தொடங்கும், இறங்குகிற வழியெல்லாம் பழுப்பு நூல் விட்டதுபோல நிறம் ஓடும். கல்லாவுக்குப் பக்கத்தில் இப்போது ஒரு தம்ளரும் ஒரு சிறு டப்பாவில் தூளும் வைத்திருக்கிறேன். கேட்டால் உங்கள் கண் முன்னாலேயே போட்டுக் காட்டுவேன். டப்பாத் தூளில் நம்பிக்கை இல்லையென்றால் உள்ளே வந்து பில்டரில் போடப்போகிற தூளையே அள்ளிக்கொள்ளலாம்.

இன்னொன்று. சிக்கரியில் காபீன் கிடையாது. முகூர்த்த மாதத்தில் மறுநாள் காலைக்குள் ஆல்பம் முடிக்க வேண்டிய தம்பிமார் சாயங்காலம் நம் காப்பியைக் குடித்துவிட்டுப் போய் விடிய விடிய முகத்தில் பருவை அழித்துக்கொண்டிருக்கிறார்கள். வெறும் சிக்கரித் தண்ணி என்றால் மணமகள் பாதிப் பருவோடுதான் ஆல்பத்தில் இருந்திருப்பாள்.

அப்படியென்றால் ருசி மாறியதாகத் தோன்றியது பொய்யா? பொய் இல்லை. நாக்கு உள்ளவர்களுக்குத் தெரிந்திருக்கும். நம் மாஸ்டர் போய்விட்டார். திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய கடையில் கூடுதல் சம்பளம், தங்க இடம். நான் தடுக்கவில்லை. வயசுப் பிள்ளை, நாலு காசு பார்க்கட்டும். அவர் கை தனி. தூளை பில்டரில் போட்டு அமுக்குவதில் ஒரு அளவு இருக்கிறது. லேசாக விட்டால் வெந்நீர் சரசரவென்று இறங்கி டிகாஷன் நீர்த்துவிடும். கெட்டியாக அமுக்கினால் சொட்டு நின்றுவிடும். அவர் மழைக்கால அமுக்கு வேறு, கோடை அமுக்கு வேறு என்று வைத்திருந்தார். இங்கே ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் ஒரு மழை. சாரல் பிடித்தால் தூள் ஈரம் வாங்கி ஒட்டிக்கொள்ளும். அதையெல்லாம் யாரும் எழுதி வைத்துப் படிக்க முடியாது. புதிதாக வந்திருக்கும் தங்கச்சி இரணியல்காரி, நல்ல சூட்டிகை. காலை முதல் டிகாஷன் இப்போதே பழைய மாதிரி வந்துவிட்டது. மத்தியானத்துக்கு மேல்தான் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். பிடிக்கவில்லை என்றால் தம்ளரை அப்படியே வைத்துவிட்டுச் சொல்லுங்கள், வேறு போட்டுத் தருவாள். பட்டியலில் எழுதுவதற்கு முன்னால் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம்.

அப்புறம் அந்த முறைப்பு. என் முகமே அப்படித்தான். வீட்டுக்காரரும் கல்யாணமான நாளிலிருந்து இதையே சொல்கிறார். லேப்டாப்பைத் திறந்ததற்காக இதுவரை யாரையும் எழுப்பி விட்டதில்லை. ஆடிக்காற்றில் கரண்ட் போகும் நேரத்தில் மட்டும் சார்ஜரைக் கழற்றச் சொல்வேன். இன்வெர்ட்டர் பால் இருக்கும் பிரிட்ஜுக்கும் பில் மெஷினுக்கும் நாலு விளக்குக்கும் மட்டும் தாங்கும். எடிட்டிங் லேப்டாப்புக்கு வரும் செங்கல் சைஸ் சார்ஜர் நாலு சேர்ந்தால் அதுவும் மூச்சு விட்டுவிடும், பால் கெட்டுவிடும். பால் கெட்ட கடையில் உட்கார்ந்து என்ன வரைவீர்கள்?

ஒரு காப்பியோடு மூணு மணி நேரம் இருப்பவர்களைப் பற்றியும் ஒரு பேச்சு இருக்கிறது. எனக்கு அதில் வருத்தம் இல்லை. கூட ஒரு ரசவடையோ உள்ளிவடையோ வாங்கினால் சந்தோஷம், வாங்காவிட்டால் கேட்க மாட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் குடும்பமாக வருகிறவர்கள் நிற்பதைக் கண்டால் ஒரு நாற்காலியில் பையை வைக்காமல் இருந்தால் போதும்.

நன்றி சொல்லாமல் முடித்தால் பாவம் பிடிக்கும். வடசேரியில் கோயில் நகை செய்கிற ஒரு பெரியவர் வருவார். பரத நாட்டியத்துக்குப் பூட்டும் நெற்றிச்சுட்டி, ராக்கொடி எல்லாம் அவர் கை வேலை. கெம்புக் கல் எங்கே பதிக்க வேண்டும் என்று மேலே ஜன்னலோரம் இருந்து டிரேசிங் தாளில் பென்சிலால் புள்ளி வைப்பார். காப்பி ஆறிப் போகும், திரும்பச் சூடாக்கக் கூடாது என்பார், ஆறினதையே குடிப்பார். அந்த நகைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அந்த வேலையில் ஒரு பகுதி நம் மேசையில் நடந்தது என்பதில் எனக்குப் பெருமை. பங்குனி, சித்திரை கோயில் கொடைக்கு முன்னால் வில்லுப்பாட்டுக் குழுவின் அண்ணாவி ஒருவர் நோட்டோடு வருவார். மேசையில் விரலால் குடத்தடி போட்டுக்கொண்டே பாட்டுக் கட்டுவார். எதிர் மேசையில் ஹெட்போன் மாட்டிக் குறும்படத்துக்கு சப்டைட்டில் போடும் பிள்ளை அதைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும். மலையாளத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கிற ஒரு டீச்சர், ஏதாவது சொல் சிக்கிக்கொண்டால் கடையில் இருக்கிற எல்லாரிடமும் கேட்பார். கேரள எல்லைப் பக்கத்து விளவங்கோட்டுக்காரர் யாராவது ஒருவர் உடனே சொல்லிவிடுவார். கிறிஸ்துமஸ் நெருங்கினால் குடிலுக்கும் ஸ்டாருக்கும் மாடல் வரைகிறவர்கள் சார்ட் தாளைப் பரப்பி மூன்று மேசையைப் பிடித்துக்கொள்வார்கள். அதையெல்லாம் நான் இடைஞ்சலாக நினைத்ததே இல்லை. நீங்கள் வரைந்து தந்த போர்டுதான் கடை வாசலில் தொங்குகிறது. கொரோனா அடைப்பு முடிந்து ஷட்டரைத் திறந்தபோது, ஒரு மாதக் காப்பிக் காசை முன்கூட்டியே கொடுத்துவிட்டுப் போனவர்கள் நீங்கள்தான். அதை நானும் மறக்கவில்லை, வீட்டுக்காரரும் மறக்கவில்லை.

மேல்மாடி அலமாரியில் சிலர் விட்டு வைத்திருக்கிற ஸ்கெட்ச் புத்தகம், டிரேசிங் ரோல், ஒரு முக்காலி எல்லாம் இருக்கின்றன. அந்த அறை டியூஷனுக்குப் போவதால் இந்த மாதம் முடிவதற்குள் எடுத்துக்கொண்டால் நல்லது. அடையாளம் தெரியாதவற்றைக் கல்லாவுக்குக் கீழே கட்டி வைத்திருப்பேன்.

வழக்கம்போல் காலை ஆறரைக்குத் திறப்போம், இரவு எட்டரைக்கு அடைப்போம். ஞாயிறு மட்டும் காலை ஆராதனை விட்ட பிறகு பத்து மணிக்கு. ரசவடை விலை கூட்டவில்லை.

அன்புடன்,
கடைக்கார அக்கா