எத்தனை டன் என்பது மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் இருப்பது பழைய ஹோண்டா சிட்டி. ஸ்பிரிங் தளர்ந்து, தரையை ஒட்டி ஓடுகிற வண்டி. என் மகள் தினமும் வேலந்தாவளம் வழியாகக் கோவைக்கு வேலைக்குப் போய்வருவது அதில்தான். பஞ்சரானால் வீட்டிலேயே டயர் மாற்றிக்கொள்ளலாம் என்று போன மாதம் ஒரு டிராலி ஜாக்கி (காரைத் தூக்கும், சக்கரம் வைத்த கருவி) வாங்கினேன். கடையில் கேட்டது ஒரே கேள்வி: "எத்தனை டன் வேணும்?" பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று 3 டன் எடுத்துவந்தேன்.

மறு வாரமே ஒரு விடிகாலை, முன் டயர் காற்றில்லாமல் உட்கார்ந்திருந்தது. ஜாக்கியைத் தள்ளினால் உள்ளே போகவில்லை. டேப் வைத்து அளந்தேன். முழுக்க இறக்கினாலும் ஜாக்கியின் தலை 140 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கிறது. கதவுக்குக் கீழே ஜாக்கி வைக்க வெட்டுக்குறி போட்டிருக்கும் இடமோ 125தான். மகள் ஒன்றரை அங்குலப் பலகையைச் சக்கரத்துக்கு முன்னால் போட்டு, காரை மெல்ல அதன்மேல் ஏற்றினாள். அப்புறம்தான் ஜாக்கி நுழைந்தது.

அதோடு முடியவில்லை. எங்கள் வாசல் மண்தரை. ஜாக்கியின் தூக்கும் கை நேராக மேலே போவதில்லை, வளைந்துதான் எழும். அதற்கேற்ப ஜாக்கியும் காருக்கடியில் கொஞ்சம் உருண்டு நகர வேண்டும். அதன் இரும்புச் சக்கரங்கள் மண்ணில் புதைந்து நின்றுவிட்டன. தலை வெட்டுக்குறியை விட்டு நழுவுவதை நான் பார்த்தபோது, மகளின் கை சக்கரத்து நட்டில் இருந்தது. "கையை எடு சாமி!" என்று கத்திவிட்டு ஜாக்கியை இறக்கினேன். பிறகு கனமான பிளைவுட் துண்டை விரித்து, அதன்மேல் வைத்துத் தூக்கினோம். இன்னமும் அந்தக் காட்சி கண்ணை விட்டுப் போகவில்லை.

காரின் எடையே ஒரு டன்னைச் சுற்றித்தான். ஒரு மூலையைத் தூக்க 2 டன் ஜாக்கி தாராளம். பார்க்க வேண்டியது அது எவ்வளவு தாழ இறங்கும் என்பதைத்தான். தாழ்வான கார்களுக்கென்றே 75 முதல் 90 மில்லிமீட்டர் வரை இறங்குகிற ஜாக்கிகள் கிடைக்கின்றன. வாங்கப் போகுமுன், டயரில் காற்று இல்லாத நிலையில் காரின் உயரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கூடவே, தூக்கிய காரைத் தாங்கி நிற்கும் இரும்புத் தாங்கியான ஜாக்கி ஸ்டாண்ட் இரண்டு வாங்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது; உள்ளே எண்ணெயை அடைத்து வைக்கும் ஆயில் சீல் கசிந்தால் அது தானாக இறங்கிவிடும். எங்கள் பக்கம் ஹாலோ பிளாக் அடுக்கி, அதை நம்பிக் காருக்கடியில் படுக்கிறவர்களைப் பார்க்கிறேன். அந்தக் கல் சொல்லாமல் கொள்ளாமல் உடைந்துவிடும். தயவுசெய்து வேண்டாம்.

ஜாக்கி விற்கும் கடைக்காரர்கள் விலைச்சீட்டில் டன்னுக்குப் பக்கத்திலேயே குறைந்தபட்ச உயரத்தையும் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். தங்கள் நாளிதழின் வாகனப் பகுதியிலும், காரில் ஜாக்கி வைக்க வேண்டிய இடத்தைப் படத்தோடு ஒருமுறை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் நெடுநாள் வாசகர்,
கொழிஞ்சாம்பாறை