ரவிக்கையை இரண்டு அங்குலம் குறைத்துத் தைக்கச் சொன்ன அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

வணக்கம். மகளின் முகூர்த்த ரவிக்கைக்குப் பட்டைக் கொடுத்துவிட்டு, "இப்போ இருக்கிற அளவைவிட ரெண்டு அங்குலம் குறைச்சே தைங்க, கல்யாணத்துக்குள்ள இளைச்சிடுவா" என்று சொன்னீர்கள். பக்கத்தில் நின்ற பெண் வாயே திறக்கவில்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் நம்மவர்கள் வாழும் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் டொங்காட்டிலும் இதையே சொல்லும் அம்மாக்கள் நிறையப் பேர் இருப்பதால் உங்களுக்கான பதிலைப் பொதுவில் எழுதுகிறோம். தையல் பற்றிய பகுதி என்னுடையது. உடம்பு பற்றியது, கிளினிக்கில் நர்ஸாக இருக்கும் என் தங்கை சொல்லச் சொல்ல எழுதியது.

முதலில் துணிக்கு வருகிறேன். நீங்கள் கேட்டிருப்பது ஆரி வேலை. துணியை வெட்டுவதற்கு முன்பே சட்டத்தில் இழுத்துக் கட்டி, கழுத்து, கை, முதுகு எல்லாவற்றையும் அளவுப்படி வரைந்து, அந்தக் கோட்டை ஒட்டித்தான் ஜரிகையும் மணியும் வைப்பார்கள். அதன் பிறகு கழுத்தையும் கைச்சுற்றையும் பெரிதாக்க வழியே இல்லை. பக்கத் தையலில் மட்டும் கொஞ்சம் விடலாம். 38 அங்குல மார்புக்கு 36 என்று வரைந்துவிட்டு, கல்யாண வாரத்தில் அவள் 37½-ல் வந்து நின்றால், பக்கத்தைப் பிரித்தாலும் கைக்குழி பிடிக்கும். மாலை மாற்றக் கையைத் தூக்கும்போது முதலில் விடுவது அக்குள் தையல்தான். அடுத்தது முன்பக்கம்: நடுக் கொக்கிகளுக்கு இடையில் துணி வாய் பிளந்து நிற்கும். அதை மறைக்க ஊக்கு குத்தினால் அந்த இடத்தில் பட்டு கிழியும். அந்தக் கோலத்தில் அவள் மணவறையில் உட்கார்ந்து, குனிந்து, பெரியவர்கள் காலில் விழுந்து எழ வேண்டும்.

பட்டுக்கு இன்னொரு குணம் உண்டு. ஊசி போன தடம் போகாது. சின்னதாகத் தைத்துப் பிறகு பெரிதாக்கினால் பழைய தையல் கோடு வெளியே தெரியும். உள்ள அளவுக்குத் தைத்துப் பிறகு பிடித்தால் அந்தக் கோடு உள்ளே போய்விடும். அதனால்தான் இன்றைக்கு இருக்கும் உடம்புக்கே தைப்பது என்று வைத்திருக்கிறோம். நிஜமாகவே இளைத்திருந்தால் பிடித்துக் கொடுப்பது அரை மணி நேர வேலை.

உங்கள் மகளுக்குச் செய்யப்போவது இதுதான். அன்று போடப்போகும் பிராவைப் போட்டுக்கொண்டு அளவு கொடுக்க வர வேண்டும். மாதவிலக்குக்கு முந்திய வாரத்தில் வேண்டாம். அப்போது மார்பு கனத்திருக்கும், நீர் கோத்து ஒன்றிரண்டு கிலோகூடக் கூடுதலாகக் காட்டும். மார்புச் சுற்று, மார்புக்குக் கீழ்ச் சுற்று, தோள், கைக்குழி, கைச்சுற்று, இறக்கம் என்று எல்லாம் எடுத்து, மார்புச் சுற்றில் ஒன்றரை அங்குலம் தளர்வு வைப்போம். பக்கத் தையலில் ஒவ்வொரு விளிம்பிலும் ஒன்றரை அங்குலம் மார்ஜின் உள்ளே மடங்கியிருக்கும். லைனிங்கிலும் அதே அளவு விட வேண்டும். பல இடங்களில் பட்டுக்கு மட்டும் மார்ஜின் விட்டு லைனிங்கை ஒட்ட வெட்டிவிடுகிறார்கள். பிரிக்கும்போது பட்டு வரும், லைனிங் வராது. முதல் ட்ரையல் மூன்று வாரத்துக்கு முன்னால், கடைசி ட்ரையல் பத்து நாளுக்கு முன்னால்.

உள்பாவாடைக்கு மெல்லிய நாடா வேண்டாம், இரண்டு அங்குல அகலத்தில் பட்டி வைத்துத் தருகிறேன். வயிறு தெரியாமல் இருக்க நாடாவை இறுக்கிக் கட்டும் பழக்கத்தால் எத்தனையோ பெண்களுக்கு இடுப்பைச் சுற்றித் தோல் கறுத்துப் புண்ணாகிக் கிடக்கிறது.

இனி "இளைச்சிடுவா" என்ற பேச்சு. கல்யாணத்துக்கு எட்டு வாரம் இருக்கிறது. ஒரு கிலோ கொழுப்பு ஏறக்குறைய 7,700 கலோரி. சாப்பாட்டில் நாளொன்றுக்கு 500 கலோரி குறைத்தால் வாரத்துக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு, எட்டு வாரத்தில் சுமார் மூன்றரைக் கிலோ. அதுவும் காகிதக் கணக்கு. உடம்பு இளைக்க இளைக்கச் செலவும் குறைவதால் நடப்பில் அதற்கும் கீழேதான் வரும். சோற்றை நிறுத்திய முதல் வாரமே தராசு இரண்டு கிலோ இறங்குகிறதே என்பீர்கள். அது கல்லீரலிலும் தசையிலும் சேர்த்து வைத்திருந்த மாவுச்சத்தும், ஒவ்வொரு கிராம் மாவுச்சத்தோடும் சேர்ந்திருந்த மூன்று கிராம் தண்ணீரும். நலங்கன்று வயிறாரச் சாப்பிட்டால் அது திரும்பத் தொடங்கிவிடும். ரவிக்கைக்குள் இருக்கும் கொழுப்பு அதில் அசைவதே இல்லை.

இன்னும் வேகம் வேண்டும் என்று நாளுக்கு 800 கலோரிக்குக் கீழே இறக்குவது மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே செய்ய வேண்டியது. வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இறங்கினால் பித்தப்பையில் கல் உருவாகும் அபாயம் ஏறுகிறது. மாதவிலக்கு தள்ளிப்போகலாம், நின்றும் போகலாம். முடி உடனே கொட்டாது, இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக்கொத்தாக வரும். கல்யாண ஆல்பம் கைக்கு வரும் சமயத்தில் அவள் சீப்பைப் பார்த்து அழுதுகொண்டிருப்பாள். காரணம் இந்த எட்டு வாரம்தான் என்று யாருக்கும் தோன்றாது.

யாரோ வாட்ஸ்அப்பில் விற்கும் இளைக்கும் டீ, காபி, மாத்திரை எதையும் வாங்கிக் கொடுக்காதீர்கள். டீயில் பெரும்பாலும் இருப்பது சென்னா, நம் நிலவாகை இனம். பேதியாகும், தண்ணீரும் பொட்டாசியமும் போகும், கொழுப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். மாத்திரைகளிலும் காபியிலும் சிபுட்ரமின் கலந்திருப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. மாரடைப்பு, பக்கவாத ஆபத்தைக் கூட்டுகிறது என்று 2010-ல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் திரும்பப் பெற்ற மருந்து அது. எடை குறைக்கும் செமாக்ளுடைட் ஊசி பற்றியும் இப்போது வீட்டுக்கு வீடு பேச்சு. சிலருக்கு அது நல்ல மருந்து, ஆனால் அதை மருத்துவர்தான் எழுத வேண்டும். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: கருத்தரிக்க நினைப்பதற்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே அதை நிறுத்தியாக வேண்டும். கல்யாணத்துக்காக ஊசி போட்டு, தாலி ஏறிய மறுமாதமே "விசேஷம் உண்டா" என்று கேட்கும் வீட்டில் இந்த இரண்டும் ஒத்துப்போகாது.

நடுவில் புரட்டாசி வருகிறது. விரத மாதம், தானாக இளைத்துவிடுவாள் என்று நினைக்கிறீர்கள். இறைச்சி நின்ற இடத்தில் பூரியும் உருளைக்கிழங்கும் வடையும் வந்தால் இளைக்க வழியில்லை, இரும்புச்சத்துதான் குறையும். மூன்று வேளையும் பருப்போ சுகர் பீன்ஸ் பயறோ ஒரு கப் இருக்கட்டும். மாஸ் தயிர் ஒரு டம்ளர். நம் சாட்ஸ்வர்த் பங்களாதேஷ் மார்க்கெட்டில் கட்டுக்கட்டாக ஹெர்ப்ஸ் என்று விற்கும் கீரையை வதக்கி, இறக்கிய பிறகு எலுமிச்சை பிழியுங்கள். அந்தப் புளிப்பு இருந்தால் கீரையின் இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பாட்டோடு டீ குடித்தால் குறைவாகத்தான் சேரும், ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கட்டும்.

அக்கா, உடல்நலத்துக்காகத்தான் சொல்கிறேன் என்றும் சொன்னீர்கள். அந்தக் கவலை நியாயமானது. டர்பன் இந்தியர்களிடம் நீரிழிவு அதிகம் என்று 1960-களிலிருந்தே மருத்துவர்கள் எழுதி வருகிறார்கள். ஆனால் அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நம் வம்சத்தில் மெலிந்து தெரிகிறவர்களுக்கும் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்திருக்கலாம். அதனால்தான் ஆசியர்களுக்கு உடல் எடைக் குறியீடு (பிஎம்ஐ) 23-லேயே ஆபத்து ஏறத் தொடங்குகிறது என்று உலக சுகாதார அமைப்பின் நிபுணர் குழு 2004-ல் சொன்னது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் டேப்பை வைத்து, மூச்சை மெல்ல விட்டபின் அளந்தால், நம் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை. வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 7.0 மில்லிமோலோ அதற்கு மேலோ வந்துவிட்டால் நீரிழிவுக்கான பரிசோதனையைத் தொடர வேண்டும். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே என்றால் சோகை. மாதவிலக்கு ஒழுங்கில்லை என்றால் தைராய்டையும் சேர்த்துப் பார்க்கட்டும். பிசிஓஎஸ் என்னும் சினைப்பைக் கோளாறு இருந்து எடை கூடியிருந்தால், எடையில் ஐந்து முதல் பத்து சதவீதம் மெதுவாகக் குறைந்தாலே சுழற்சி சீராக வாய்ப்புண்டு. அது ஆறு மாத, ஒரு வருட வேலை. முகூர்த்த நாளோடு அதற்குச் சம்பந்தமே இல்லை.

இந்தப் பரிசோதனைகள் உங்களுக்கும் வேண்டும், மாப்பிள்ளைக்கும் வேண்டும். மாப்பிள்ளையின் கோட்டை அவர் வயிற்றுக்குத் தகுந்தபடிதான் தைக்கிறார்கள். இரண்டு அங்குலம் குறையுங்கள் என்று அவர் வீட்டில் யாரும் சொல்வதில்லை. ஒல்லியாக இருக்கும் உங்கள் தங்கை மகளையோ "எலும்பும் தோலுமா இருக்கா, புள்ள எப்படிப் பெறுவா" என்கிறார்கள். எந்த உடம்போடு வந்தாலும் பெண்ணுக்கு ஒரு சொல் காத்திருக்கிறது. அது நம் வீடுகளில், நம் வாயால் வருவதால் எங்களுக்குக் கோபமாகவே இருக்கிறது.

வீட்டில் தராசை எடுத்து உள்ளே வையுங்கள். அவள் தட்டில் இரண்டாவது கரண்டி சோறு விழும்போது யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். பெரியம்மா வந்து "கொஞ்சம் குறைச்சா லட்சணமா இருப்பா" என்று தொடங்கினால், அவள் பதில் சொல்லும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள்: "அவ உடம்பைப் பத்தி இந்த வீட்டுல பேச்சு வேணாம்." ஒரு தரம் அம்மா சொன்னால் போதும், மற்றவர்கள் அடங்குவார்கள்.

சாப்பிட்டதும் குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிடுவது, விரல் முட்டிகளில் காய்ப்பு, எப்போதும் குளிர்கிறது என்பது, எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட மறுப்பது: இவை பட்டினி கிடப்பதற்கோ சாப்பிட்டதை வேண்டுமென்றே வாந்தி எடுப்பதற்கோ அடையாளமாக இருக்கலாம். இவற்றில் எதைக் கண்டாலும் திட்டாமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். வாந்தி எடுத்து எடுத்துப் பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். இந்த ஒன்றில் மட்டும் கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போடக் கூடாது.

அடுத்த வாரம் அளவுக்கு அவளை மட்டும் அனுப்புங்கள். டேப்பில் வரும் எண்ணை நான் சத்தமாகச் சொல்வதில்லை, சீட்டில் எழுதிக்கொள்வேன். வெட்டியது போக மிஞ்சும் பட்டையும் லைனிங்கையும் உறையில் போட்டு ரவிக்கையோடு தருவேன். அதைப் பத்திரமாக வையுங்கள். குழந்தை பிறந்த பிறகு ரவிக்கையைப் பெரிதாக்க வேண்டியிருந்தால் அக்குளில் ஒட்டுக் கொடுக்க அதே சாயத்தில் பட்டு வேறெங்கும் கிடைக்காது.

அன்புடன்,
தையல்காரத் தங்கையும் நர்ஸ் தங்கையும்
சாட்ஸ்வர்த், டர்பன்