சித்திரை வாசலுக்குப் பிளாஸ்டிக் பூ வேண்டாமே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சீனப் புத்தாண்டு முடிந்து கடைகளில் சிவப்பு அலங்காரங்களை இறக்கியதுமே அந்த இடத்தில் பிளாஸ்டிக் செர்ரிப் பூக் கிளைகளும் துணி டியூலிப்களும் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. கொஞ்ச நாளில் இங்கே சிங்கப்பூரில் லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்கா பக்கமும் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம், பிளாஸ்டிக் சாமந்திச் சரம் என்று குவியத் தொடங்கும். தமிழ்ப் புத்தாண்டுக்கு வாசலை அலங்கரிக்க நம்மில் நிறையப் பேர் இதைத்தான் வாங்கி மாட்டுகிறோம், மாட்டியதை அடுத்த தீபாவளி வரைக்கும் எடுப்பதும் இல்லை, வெயில் பட்டுப் பட்டு அது வெளுத்து, தொட்டால் பொடியாக உதிர்கிறது. தயவுசெய்து இந்த வருஷமாவது வேண்டாம் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். நாலைந்து தொட்டி வைக்க இடமிருந்தால் போதும், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டு வாசலில் உயிருள்ள பூவைக் கொண்டே சித்திரையை வரவேற்கலாம்.

சிங்கப்பூரில் ஏது வசந்தம், வருஷம் முழுக்க ஒரே வெயில்தானே என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. பிப்ரவரியிலும் மார்ச் தொடக்கத்திலும் வடகிழக்குப் பருவக்காற்றின் வறண்ட கட்டம், மழை குறைந்து காற்று வீசும். அதற்குப் பிறகு பிற்பகல்களில் இடியோடு நல்ல மழை பிடிக்கும். காய்ந்த மண்ணில் அந்த மழை இறங்கியதும் சாலையோரத்து டபேபுயா மரங்கள் இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகப் பூத்துத் தள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள், எல்லாரும் வண்டியை ஓரங்கட்டிப் படமெடுக்கும் 'சிங்கப்பூர் சக்குரா' அதுதான், பெரும்பாலும் மார்ச், ஏப்ரலில் ஒரு தடவை, ஆகஸ்ட் வாக்கில் இன்னொரு தடவை. நம் வேங்கை மரத்துக்கு நெருங்கிய உறவான அங்சானா ஒரே நாளில் பூத்து, அடுத்த நாள் நடைபாதை முழுக்க மஞ்சளைக் கொட்டிவிடும். புறா ஆர்க்கிட் என்று ஒன்று இருக்கிறது, பெரிய மரக்கிளைகளில் தானாகவே வளர்வது. பலத்த மழை பெய்து சட்டென்று குளிர்ந்தால் அன்றிலிருந்து ஏறக்குறைய 9ஆம் நாள் அந்த வட்டாரத்திலுள்ள செடிகளெல்லாம் சொல்லிவைத்தாற்போல ஒரே காலையில் வெள்ளையாகப் பூக்கும். வாசனையும் உண்டு. இவ்வளவும் நம் தலைக்கு மேலேயே நடக்கிறது!

டியூலிப் மேல் எனக்குக் கோபம் கிடையாது. கரையோரப் பூந்தோட்டங்களின் மலர்க்கூடத்தில் 23லிருந்து 25 டிகிரிக்குள் குளிரூட்டி வைத்திருக்கிறார்கள், அங்கே போய்ப் பாருங்கள், அருமையாக இருக்கும். ஆனால் டியூலிப் கிழங்கு வாரக்கணக்கில் குளிரில் கிடந்தால்தான் பூக்கும், அதை நம் வீட்டு வாசலுக்குக் கொண்டுவர முடியாது, அதன் பிளாஸ்டிக் நகல்தான் வரும். இங்கே பூக்கிறதை இங்கே வைப்போமே.

முதலில் காகிதப்பூ. மேம்பாலங்களின் இரு பக்கத் தொட்டிகளிலும் அது எப்படிப் பூத்துத் தொங்குகிறது, வீட்டில் வைத்தால் மட்டும் ஏன் வெறும் இலையாக நிற்கிறது என்று பலர் கேட்கிறார்கள். மேம்பாலத்தில் நாள் முழுக்க வெயில், தொட்டி ஆழம் குறைவு, வேர் எப்போதும் கொஞ்சம் காய்ந்துதான் இருக்கும். வீட்டில் நாம் பாசத்தில் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுகிறோம், அதற்கு அது தேவையே இல்லை. இலை இலேசாகத் தொய்கிற வரை விட்டுவிட்டு, அப்புறம் தொட்டியின் அடியில் வடிகிற அளவு ஊற்றுங்கள், மறுபடியும் காயவிடுங்கள். நாம் பூ என்று நினைக்கிற அந்த ஊதா, ஆரஞ்சு இதழ்கள் உண்மையில் நிறம் மாறிய இலைகள்தான். கிட்டப் போய்ப் பார்த்தால் மூன்று வண்ண இலைகளுக்கு நடுவே சின்னக் குழாய் போல வெள்ளைப் பூக்கள் இருக்கும், அவைதான் நிஜப் பூ. பிள்ளைகளுக்கு இதைக் காட்டுங்கள், அசந்துபோவார்கள்.

அடுத்து குண்டுமல்லி. இது இல்லாமல் சித்திரையா? பண்டிகை நாளில் பஃபலோ சாலையில் ஒரு முழம் என்ன விலை போகிறது என்று எல்லாருக்கும் தெரியும், வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை, அந்தக் கடைகளால்தான் தேக்காவுக்கே மணம். ஆனால் வீட்டுத் தொட்டியில் சாயங்காலம் மொட்டு விரியும்போது வீசும் வாசனைக்குக் குளிர்பெட்டியில் வந்த பூ ஈடாகாது. குண்டுமல்லிக்குக் கண்டிப்பாக நேரடி வெயில் வேண்டும், வாசலுக்கு முன்னால் இருக்கும் மாடி நடைபாதை கிழக்குப் பார்த்தது என்றால் காலை வெயிலே பெரும் உதவி. அதைவிட முக்கியம் கவாத்து. புதுக் கிளை நுனியில்தான் மொட்டு வைக்கும், பழைய கிளையை அப்படியே விட்டால் கொடி மாதிரி நீண்டுகொண்டே போகும், பூ வராது. பிப்ரவரிக் கடைசி அல்லது மார்ச் முதல் வாரத்தில் கிளைகளை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டு, இலைகளையும் கொஞ்சம் உருவிவிட்டு, மக்கிய எரு ஒரு கை போடுங்கள். துளிர் வந்து மொட்டு வைக்க நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும், கணக்குப் போட்டால் ஏப்ரல் 14 அங்கேதான் வந்து நிற்கிறது. ஒவ்வொரு தடவை பூத்து ஓய்ந்ததும் இதையே செய்யலாம், நம் ஊரில் பனிக்காலம் இல்லாதது மல்லிக்கு நல்லதுதான்.

செம்பருத்தி, இட்லிப்பூ, நந்தியாவட்டை எல்லாம் சுலபமானவை. செம்பருத்தியில் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி ஒட்டும், இரண்டு சொட்டு சோப்பு விட்ட தண்ணீரில் வேப்பெண்ணெயைக் கலந்து இலையின் அடிப்பக்கம் அடித்தால் அடங்கும். வாசல் கதவின் ஓரமாக ஒரு மூங்கில் குச்சியும் நூலும் கட்டிச் சங்குப்பூ ஏற்றிவிடுங்கள். விதையை ராத்திரி ஊறவைத்துப் போட்டால் ஒரு வாரம் பத்து நாளில் முளைத்துவிடும். எங்கள் பக்கத்து வீட்டு மலாய் மாக்சிக் (அத்தை) அந்த நீலப் பூவை நாசி கெராபு என்ற மலாய்ச் சோற்றுக்குப் பறித்துக்கொள்வார், பதிலுக்குப் பாண்டான் கன்று கொடுத்தார். பிளாஸ்டிக் சரத்தை வைத்துக்கொண்டு இப்படி யாரோடும் பேச்சுக் கொடுக்க முடியாது.

மண்ணைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பையில் விற்கிற சுட்ட மண்ணை மட்டும் நிரப்பினால் கொஞ்ச நாளில் இறுகி, ஊற்றுகிற தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும். தேங்காய் நார்த்தூளும் மக்கிய எருவும் கலந்துகொண்டால் வேரும் மூச்சுவிடும், கொசுவும் வராது.

ஆமாம், கொசு. தோட்ட அலங்காரம் என்றாலே இங்கே முதலில் யோசிக்க வேண்டியது டெங்கியைத்தான். 2020இல் இந்தச் சிறிய நாட்டில் 35,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கி வந்தது, அதை மறக்கக் கூடாது. ஏடிஸ் கொசுவுக்குக் குளம் குட்டை வேண்டாம், தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தேங்கும் தண்ணீர் போதும், முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம்தான். தட்டைத் தினமும் கவிழ்த்துத் துடையுங்கள், இறுகிய மண்ணைக் கிளறிவிடுங்கள். இப்போது நம் வீடுகளில் பித்தளை உருளியில் தண்ணீர் நிரப்பிப் பூ மிதக்கவிடுவது பரவலாகிவிட்டது, பார்க்க அழகுதான், ஆனால் பண்டிகை முடிந்தும் அது வாசலில் அப்படியே இருக்கிற வீடுகளைப் பார்க்கும்போது எனக்குப் பதைக்கிறது. வாடிய இதழுக்குக் கீழே நெளிகிற புழு மேலே இருந்து கண்ணில் படாது. உருளி வைத்தால் தினமும் தண்ணீரைக் கொட்டி, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி (முட்டை பாத்திரச் சுவரில்தான் ஒட்டியிருக்கும்) புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். முடியாது என்றால் நன்றாகத் துடைத்த உருளியில் தண்ணீரே இல்லாமல் பூவை மட்டும் குவியுங்கள், ஒரு நாளைக்குத் தாங்கும், மறுநாள் மாற்றலாம்.

நடைபாதை நமக்கு மட்டும் சொந்தமில்லை. தீ, அவசரம் என்றால் எல்லாரும் ஓட வேண்டிய வழி அது, 1.2 மீட்டர் அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. அதனால் தொட்டிகளை ஒரே பக்கமாக, சுவரை ஒட்டி வைக்க வேண்டும். கைப்பிடிச் சுவர் மேல் தொட்டி வைப்பதை நினைத்தே பார்க்காதீர்கள், பத்தாவது மாடியிலிருந்து ஒரு சின்ன மண்தொட்டி விழுந்தாலும் கீழே போகிறவர் உயிருக்கு ஆபத்து. கீழ்வீட்டுத் துணிமேல் தண்ணீர் சொட்டுகிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள்.

இந்தக் கட்டுப்பாட்டுக்குள்ளேயே செய்ய எவ்வளவோ இருக்கிறது. சாதாரண மண்தொட்டிக்குக் காவியும் வெள்ளையும் பட்டை பட்டையாக அடித்தால் கோவில் மதில் களை வந்துவிடும், வாரக்கடைசியில் பிள்ளைகளை உட்கார வைத்துச் செய்யலாம். பொதுத் தரையில் கோலமாவு போட்டு அக்கம்பக்கத்தார் மிதித்து வழுக்குவதற்குப் பதில், பெரிய தரை ஓடு ஒன்றில் சிக்குக் கோலத்தைப் பெயிண்டால் வரைந்து வாசலோரம் சாய்த்து வைக்கலாம், வருஷக்கணக்கில் இருக்கும். தோரணத்துக்கு நிஜ மாவிலையைத் தேக்காவில் வாங்கிக்கொள்ளுங்கள், புளோக்கின் கீழே நிற்கும் மாமரத்தில் கைவைக்க வேண்டாம், அது பொது நிலத்து மரம். காய்ந்த தோரணம் தொட்டிக்கே எருவாகும். விளக்கு வேண்டுமென்றால் சூரியசக்தியில் எரிகிற சின்னச் சரம் போதும், நடைபாதையின் குறுக்கே ஒயர் இழுக்காதீர்கள்.

வாசலில் வெயிலே படாத வீடுகளும் உண்டு, தெரியும். அவர்கள் பக்கத்துச் சமூகத் தோட்டத்தில் சேரலாம். தேசியப் பூங்காக் கழகம் 2005இல் தொடங்கிய திட்டத்தால் இன்று தீவெங்கும் அப்படிப்பட்ட தோட்டங்கள் இருக்கின்றன, ஓய்வுபெற்ற சீன, மலாய், தமிழ்ப் பெரியவர்கள் ஒன்றாக உட்கார்ந்து களை பிடுங்குவதை அங்கே போனால் பார்க்கலாம். நம் தமிழ் இளையர்கள்தான் அங்கே குறைவாகக் கண்ணில் படுகிறார்கள், அது எனக்கு வருத்தம்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். பிப்ரவரி கடைசியிலிருந்து சித்திரை முதல் நாள் வரை, வாரத்துக்கு ஒரு கால் பக்கம் வீவக வீட்டுச் செடிகளுக்கு ஒதுக்க முடியுமா? எந்த வாரம் கவாத்து, எப்போது எரு, நிழலில் எது வளரும் என்பதைத் தமிழில் எழுத இங்கே ஆள் இருக்கிறார்கள், சமூகத் தோட்டங்களில் விசாரித்தாலே கிடைப்பார்கள். புத்தாண்டன்று வாசகர்கள் தங்கள் வாசலைப் படமெடுத்து அனுப்பட்டும், பிளாஸ்டிக் இல்லாத வாசல்களை மட்டும் போடுங்கள். முதல் படத்தை நானே அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, ஈசூன்