பழம் நல்லது, ஆனால் மருத்துவரையும் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

புளூபெர்ரி, ஸ்ட்ராபெர்ரி சாப்பிட்டால் மறதி நோய் வராது என்ற சென்ற இதழின் குறிப்பைப் படித்தேன். பழம் சாப்பிடச் சொன்னது நல்ல விஷயம்தான். ஆனால் ஆய்வு சொன்னதைவிடக் குறிப்பு அதிகமாகச் சொல்லிவிட்டது.

அமெரிக்கச் செவிலியர்களை 1976 முதல் தொடர்ந்து கவனித்துவரும் பெரிய ஆய்வு ஒன்று உண்டு. என்ன சாப்பிடுகிறார்கள் என்று 1980-இலிருந்து சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கேட்டுக் குறித்தார்கள். எழுபது வயது கடந்த 16,010 பெண்களுக்குத் தொலைபேசி வழியாகவே நினைவாற்றல் சோதனையும் நடத்தினார்கள். முடிவு 2012-இல் வெளியானது. வாரம் ஒருமுறையாவது புளூபெர்ரியோ, இருமுறையாவது ஸ்ட்ராபெர்ரியோ சாப்பிட்டவர்களுக்கு நினைவுத் தளர்ச்சி மெதுவாகவே இருந்தது. இரண்டரை ஆண்டு வரை தள்ளிப்போனதற்குச் சமம் என்றார்கள். தள்ளிப்போவது வேறு, வராமலே போவது வேறு. பெர்ரி வாங்குகிறவர்கள் வசதியுள்ளவர்களாக, உடலைப் பேணுகிறவர்களாக இருப்பதும் உண்டு. அந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுத்துக்கொண்டாலும் முழுதாக நீக்கிவிட முடியாது.

2023-இல் வெளியான இன்னொரு சோதனையையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். பெர்ரி, கீரை, கொட்டை வகைகள் அடங்கிய 'மைண்ட்' உணவுமுறையை 604 முதியவர்களிடம் மூன்று ஆண்டுகள் பரிசோதித்தார்கள். பாதிப் பேர் அந்த உணவையும், மீதிப் பேர் வழக்கமான உணவையும் சாப்பிட்டார்கள்; இரு பிரிவினருமே அளவைச் சற்றுக் குறைத்துக்கொண்டார்கள். நினைவாற்றலில் இரு பிரிவினருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மூன்று ஆண்டு போதாது என்று வாதிடலாம், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. இருந்தாலும் வாசகர்களுக்குத் தெரிய வேண்டிய செய்தி அல்லவா?

அப்புறம் விலை. நம் ஊரில் சின்ன டப்பா புளூபெர்ரி வாங்கவே பலருக்குக் கட்டுப்படியாகாது. அதற்கு நீல நிறம் தரும் ஆந்தோசயனின்தான் நம் நாவல் பழத்திலும் இருக்கிறது. அதற்காக அமெரிக்க ஆய்வின் எண்களை நாவலுக்கும் பொருத்திச் சொல்ல முடியாது. ஆனால் சீசனில் தெருவோரம் கிடைக்கும் அந்தப் பழத்தைத் தயங்காமல் சாப்பிடலாம். பெர்ரி மாத்திரை, பொடி என்று விற்பவற்றுக்குக் காசைக் கொட்ட வேண்டாம்.

என் கவலை வேறு. அம்மாவுக்கு மறதி என்றதும் பழம் வாங்கிக் கொடுத்துவிட்டு இருந்துவிடும் வீடுகள் உண்டு. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, சில மாத்திரைகளின் பக்கவிளைவு எனச் சரிசெய்யக்கூடிய காரணங்களாலும் மறதி வரும். முதல் இரண்டையும் ரத்தப் பரிசோதனையிலேயே கண்டுபிடித்துவிடலாம். அடுத்த இதழில் நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் இதைப் பற்றி எழுதி வாங்கி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தஞ்சாவூர்