அப்பாவின் பச்சைப் பொத்தான்

அன்புள்ள சேகருக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் பத்மாவும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தீபாவளி வாழ்த்துக்குக்கூட நான் பதில் போடவில்லை. அதற்கான திட்டையெல்லாம் தையில் மூர்த்தி வீட்டுக் கல்யாணத்துக்கு வரும்போது நேரிலேயே திட்டிக்கொள். இப்போது எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும். கல்லூரி நாளில் கிரிக்கெட் வீரர் பெயரில் ஒரு மின்னஞ்சல் முகவரி வைத்திருந்தாயே, அதை உன்னால் இன்னும் திறக்க முடியுமா? முடிந்தால் இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக அதைச் செய்.

விஷயம் இதுதான். ஹாலில் டிவிக்குக் கீழே நீ பூட்டிக் கொடுத்த கம்ப்யூட்டர் இருக்கிறதல்லவா, அதில் படம் போட்டுக் காட்டும் மென்பொருள் அப்பாவைக் கைவிட்டுவிட்டது.

இரண்டு வாரத்துக்கு முந்தைய வியாழக்கிழமை. மாலை ஆறு மணிக்கு வழக்கம்போல் அப்பா பிரம்பு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். ரிமோட்டில் பச்சைப் பொத்தான் மேல் பத்மா ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டு உனக்கு நினைவிருக்கும். அது தேய்ந்து உதிரும்போதெல்லாம் என் மனைவி வேறு பொட்டு ஒட்டிவிடுகிறாள். கட்டை விரலால் அதைத் தடவிக் கண்டுபிடித்து அழுத்தினார். பிறகு கீழே இரண்டு, வலது மூன்று, ஓகே. கிளாக்கோமா என்ற கண்நோயில் அவருடைய பார்வை இப்போது ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் ஆகிவிட்டது. திரையில் எது எங்கே இருக்கிறது என்று அவர் பார்ப்பதில்லை, எண்ணுகிறார். ஸ்டேஷன் மாஸ்டராகப் பக்கத்து ஸ்டேஷனுக்கு மணி அடித்துச் செய்தி அனுப்பிப் பழகிய கை அல்லவா? எத்தனை தட்டு என்பதுதான் அவருக்குக் கணக்கு.

அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. திரையில் சாதாரணக் கம்ப்யூட்டர் ஜன்னல் ஒன்று, எறும்பு வரிசைபோல் எழுத்து, நடுவில் மவுஸின் அம்பு. அப்பா முதலிலிருந்து தொடங்கினார். இரண்டு, மூன்று, ஓகே. இன்னொரு முறை, இன்னும் நிதானமாக, ஒவ்வொரு தட்டுக்கும் இடைவெளி விட்டு. பிறகு ரிமோட்டை மடியில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பாமலேயே, ''லைன் கிளியர் வரவில்லையே'' என்றார், வண்டியை அனுப்ப அடுத்த ஸ்டேஷனிலிருந்து அனுமதி வராததைச் சொல்வதுபோல்.

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது, சேகர். அவர் போட நினைத்தது எது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மீட்டர் கேஜ் வண்டி கடைசியாக ஓடிய நாளில் நீ ஹேண்டிகேமில் எடுத்த நாற்பது நிமிடம். அவர் அதை இப்போது பார்ப்பதில்லை, கேட்கத்தான் செய்கிறார். வண்டியை அனுப்ப அனுமதிப் பந்தைத் தரும் நீல் டோக்கன் கருவியிலிருந்து அந்தப் பந்து உருண்டு விழும் ஓசை வரும் இடத்தில் தினமும் தலையை ஒரு முறை அசைப்பார். இன்றுவரை அதில் அவருக்குச் சலிப்பு வந்ததில்லை.

நடந்ததைப் பிறகுதான் கண்டுபிடித்தேன். மென்பொருள் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டிருக்கிறது. புதிய பதிப்பில் டிவிக்கான முகப்பே கிடையாது. பத்தடி தள்ளி உட்கார்ந்து, நான்கு அம்புப் பொத்தான்களால் நகர்த்துவதற்கென்று ஒரு பெரிய எழுத்துத் திரை இருந்ததே, அதை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். மேசையில் குனிந்து மவுஸ் பிடிப்பவர்களுக்கு மட்டும்தான் இனி அது. டிவியில் பார்க்க வேண்டுமானால் டிவி பெட்டியிலேயே அவர்களுடைய செயலியைப் போட்டுக்கொள்ள வேண்டுமாம். நம் டிவி 2011-இல் வாங்கியது. பழைய பதிப்பைத் தேடி எடுத்துப் போட்டேன். கணக்கில் உள்நுழை என்றது. கணக்கு உன் பெயரில், அந்தக் கிரிக்கெட் வீரர் முகவரியில் இருக்கிறது. கடவுச்சொல் எனக்குத் தெரியாது. முன்னறிவிப்பு என்று ஏதாவது அனுப்பியிருந்தால் அதுவும் யாரும் திறக்காத அந்தப் பெட்டியில்தான் கிடக்கும். இதில் உன்னைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதே. இத்தனை வருஷம் கணக்கை என் பெயருக்கு மாற்றிக்கொள்ளாதது என் தப்புதான்.

அப்பாவிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று. ''ஒரு ஸ்டேஷனில் இனிமேல் வண்டி நிற்காது என்றால்கூடப் பலகையில் எழுதிப் போடுவோம். இவர்கள் எங்கே எழுதிப் போட்டார்கள்?'' என்னிடம் பதில் இல்லை.

அன்றிலிருந்து இதைப் பற்றியேதான் படித்துக்கொண்டிருக்கிறேன். நம் வீட்டுக்கு மட்டும் வந்த கஷ்டம் இல்லை இது. அந்தப் பச்சைப் பொத்தானையே எடுத்துக்கொள். அது விண்டோஸ் மீடியா சென்டரை, அதாவது கம்ப்யூட்டரில் படமும் டிவியும் ரிமோட்டால் பார்க்க மைக்ரோசாஃப்ட் கொடுத்த மென்பொருளை, திறப்பதற்கென்று பிறந்த பொத்தான். அந்த மென்பொருள் 2002-இல் விண்டோஸ் எக்ஸ்பியின் தனிப் பதிப்பாக வந்தது, விஸ்டாவிலும் விண்டோஸ் 7-இலும் கூடவே வந்தது. விண்டோஸ் 8-இல் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. 2015 ஜூலையில் விண்டோஸ் 10 வந்தபோது அது அறவே இல்லை. பயன்படுத்துவோர் குறைந்துவிட்டார்கள் என்று காரணம் சொன்னார்கள். பழைய விண்டோஸிலேயே தங்கியவர்களுக்கும் 2020 ஜனவரியில் நிகழ்ச்சி அட்டவணை வருவது நின்றுபோனது. அமெரிக்காவில் கேபிள் டிவி சேனல்களைத் திறக்கும் கேபிள்கார்டு என்ற அட்டையைப் போட்டு, நகல் தடுப்பு உள்ள சேனல்களைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்துவந்தவர்களின் பாடு இன்னும் மோசம். அதற்கு அனுமதி பெற்ற கம்ப்யூட்டர் மென்பொருள் அது ஒன்றுதான். நம் வீட்டில் அப்பாவுக்குத் தெரியாமலேயே நீ ஒரே ராத்திரியில் வேறு மென்பொருளுக்கு மாற்றி, அதே இரண்டு, மூன்று, ஓகே வரிசையை அமைத்துக் கொடுத்தாய். அன்றைக்கு எனக்கு அது சின்ன வேலையாகத் தெரிந்தது. இப்போதுதான் அதன் அருமை புரிகிறது.

பிளெக்ஸ் என்று இதேபோல் படம் போட்டுக் காட்டும் இன்னொரு மென்பொருளிலும் 2019-இல் இதேதான் நடந்தது. டிவி முகப்பு கொண்ட பழைய பிளேயரை நிறுத்திவிட்டு மேசைக் கணினிக்கான செயலியைக் கொடுத்தார்கள். டிவியோடு கம்ப்யூட்டரைக் கட்டி வைத்திருந்தவர்கள் விடாமல் முறையிட்டதால் ஓரிரு வருஷம் கழித்து அவர்களுக்கென்றே தனிச் செயலி ஒன்று திரும்ப வந்தது. ஆகவே முறையிடுவது வீண் இல்லை. நானும் எழுதியிருக்கிறேன். எண்பத்து மூன்று வயதுக்காரர் ஒருவர் உங்கள் மென்பொருளை விரலால் எண்ணிப் பயன்படுத்தினார் என்று, அவர் மணி அடித்த கணக்குவரை விளக்கி இரண்டு பக்கம். பதில் வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் இன்னொரு முறை எழுதுவேன். இவர்களுடைய எண்ணிக்கையில் அப்பா எத்தனையாவது புள்ளியாக விழுந்திருப்பார்? அவர் ஒருவர் விழுந்தாரா என்றே யாருக்கும் தெரிந்திருக்காதே! இது எனக்கு ஆறவில்லை.

ஆனால் ஒன்று கண்டேன். எக்ஸ்பிஎம்சி என்று படம் போட்டுக் காட்டும் ஒரு மென்பொருள் உண்டு, அது முதலில் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்காக எழுதப்பட்டதல்லவா? 2010-இல் அதன் குழு பழைய எக்ஸ்பாக்ஸை விட்டுவிட்டது. அப்போதும் அது சாகவில்லை. மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருந்ததால் வேறு சில தன்னார்வலர்கள் அதை எடுத்துக்கொண்டு, எக்ஸ்பிஎம்சி4எக்ஸ்பாக்ஸ் என்ற பெயரில் பல வருஷம் தொடர்ந்தார்கள். எக்ஸ்பிஎம்சிதான் 2014-இல் கோடி என்று பெயர் மாறியது. பிளெக்ஸே 2008-இல் அதிலிருந்து கிளைத்ததுதான் என்று படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எல்லோரும்தான் என்றைக்காவது கைவிடுவார்கள், அதற்கு நான் ஒருவரையும் குற்றம் சொல்லவில்லை. விட்டுப்போகிறவர் சாவியை வாசலில் வைத்துவிட்டுப் போகிறாரா, இடுப்பில் செருகிக்கொண்டு போகிறாரா என்பதில்தான் எனக்கு வழக்கு.

ஆகையால் இனி கோடிதான் என்று முடிவு செய்துவிட்டேன். விண்டோஸை அழித்துவிட்டு, கோடியை ஓட்டுவதற்கென்றே உள்ள லிப்ரேஎலெக் என்ற இயங்குதளத்தைப் போட்டாகிவிட்டது. நீ ரிச்சி தெருவில் பேரம் பேசி வாங்கிய அந்தப் பழைய மதர்போர்டில் அரை நிமிடத்துக்குள் டிவியில் எழும்பி நிற்கிறது. எந்தக் கணக்கும் கேட்பதில்லை. படங்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன, கோப்புகள் நம் ஹார்ட் டிஸ்க்கிலேயே இருந்ததால் ஒன்றும் போகவில்லை. போனது அப்பாவின் தடம் மட்டும்.

இங்கேதான் எனக்கு நீ வேண்டும். கோடியோடு வரும் எஸ்ட்வரி என்ற முகப்பில் பட்டியல் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக இருக்கிறது. வேண்டாதவற்றை மறைக்க முடிகிறது, வரிசையை மாற்ற அமைப்புகளில் வழி இல்லை. அதற்கு முகப்பின் பட்டியல் எழுதியிருக்கும் ஹோம் எக்ஸ்எம்எல் கோப்பைத் திருத்த வேண்டும். லிப்ரேஎலெக்கில் அந்தக் கோப்பு எழுத முடியாத பகுதியில் இருப்பதால், முகப்பு முழுவதையும் ஸ்டோரேஜ் பக்கம் நகலெடுத்து வேறு பெயர் கொடுத்து, அங்கே திருத்த வேண்டும் என்றுவரை புரிந்துகொண்டேன். நகலெடுத்தும் விட்டேன். திருத்தத் தொடங்கினால் இரண்டு முறை திரை கறுப்பாகிவிட்டது. பச்சைப் பொத்தானை எங்கிருந்தாலும் முகப்புக்குத் திரும்ப வைப்பதற்கான கீமேப் கோப்பை மட்டும் நானே எழுதிவிட்டேன். அது வேலை செய்கிறது, உனக்கு அனுப்புகிறேன், பார்.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: பச்சை, கீழே இரண்டு, வலது மூன்று, ஓகே. அதில் ஒரு தட்டுகூட மாறக்கூடாது. இரண்டு தட்டில் முடிகிற சுலபமான வழி ஒன்றை என் மகன் அமைத்துக் காட்டினான். அப்பா ஒரு நாள் அதை முயன்று பார்த்தார். மறுநாள் விரல் தானாகப் பழைய கணக்குக்கே போனது. அதன் பிறகு அவர் ஆறு மணிக்கு ஹாலுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். நான் போட்டுத் தருகிறேன் என்றால், ''வேண்டாம், உனக்கு வேலை இருக்கும்'' என்கிறார். இன்னொருவரைக் கூப்பிட்டுப் போடச் சொல்லும் நிலைக்கு வந்துவிட்டதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. நாற்பது வருஷம் தன் கையால் வண்டிகளை அனுப்பியவர்.

அந்த முகவரியைத் திறக்கச் சொல்வது எதற்கென்றால், பழைய மென்பொருளின் கணக்கில் அப்பா எந்தெந்தப் படத்தை எங்கே நிறுத்தினார் என்ற குறிப்பெல்லாம் இருக்கிறது. கடவுச்சொல்லை மீட்டுக் கொடுத்தாயானால், கணக்கை மூடுவதற்கு முன் அதையெல்லாம் உட்கார்ந்து எழுதி எடுத்துக்கொள்வேன்.

உன் விஷயம் ஒன்று. 4கே ப்ளூரே பார்க்கப் புது கம்ப்யூட்டர் வாங்கப் போவதாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தாய். அவசரப்படாதே. அந்தத் தட்டுகளை உரிமத்தோடு ஓட்டும் மென்பொருளுக்கு இன்டெல் சில்லில் எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். 11-ஆம் தலைமுறை கோர் சில்லுகளிலிருந்து இன்டெல் அதை எடுத்துவிட்டது. புதிதாக வாங்கினால் தட்டு ஓடாது. தனியாக ஒரு ப்ளூரே பிளேயர் வாங்கிக்கொள்வது மேல். வைத்திருக்கும் பழைய பெட்டியையும் பத்மாவின் சொல் கேட்டு எடைக்குப் போட்டுவிடாதே.

மூர்த்திக்கு நீ வரும் தேதியைச் சொல்லிவிட்டேன். மண்டபம் அதே மண்டபம்தான், பந்தியில் உனக்குப் பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்று உனக்கே தெரியும். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடு. எக்ஸ்எம்எல் வேலையை அங்கிருந்தே முடிக்க முடிந்தால் முடித்து அனுப்பு, தைவரை காத்திருக்க எனக்கு மனமில்லை. உன்னிடம் பழைய யுஎஸ்பி இன்ஃப்ராரெட் ரிசீவர் இன்னொன்று இருந்தால் வரும்போது எடுத்துக்கொண்டு வா. இங்கே இருப்பதன் வயர் விட்டுவிட்டுத்தான் வேலை செய்கிறது.

பத்மாவுக்கு என் அன்பு. ஸ்டிக்கர் பொட்டு இன்னும் அதே இடத்தில் இருக்கிறது என்று சொல்.

உன்,
கண்ணன்